படத்தின் ஓரத்துக் கிணறு

மருது காணாமல் போனபோது எல்லோரும் அவனை மதுரையில்தான் தேடினார்கள். பெரியாஸ்பத்திரி, போலீஸ் ஸ்டேஷன், கூட்டாளிகள் தங்கியிருந்த ரூம் என்று அலைந்தார்கள். அவனோ வாடிப்பட்டியிலிருந்து திரும்பும் வழியில், ரோட்டை ஒட்டிய ஒரு பாழுங்கிணற்றுக்குள் பைக்கோடு கிடந்தான். கிணற்றுக்குச் சுவர் இல்லை. சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்ததால் பட்டப்பகலிலேயே அங்கே கிணறு இருப்பது தெரியாது. ஆடு தேடிப் போன ஒருவர் நாற்றம் அடிக்கிறதென்று சொன்ன பிறகுதான் எட்டிப் பார்த்தார்கள்.

அவனுடைய அக்கா பாண்டிச்செல்வி மதுரையில் ஒரு சிறிய சர்வே நிறுவனத்தில் கணினியில் வரைபடம் போடும் வேலை பார்த்தாள். கோச்சடையில் வாடகை வீடு. தம்பி போன பிறகு அங்கே அவளும் அப்பா தவசியும் மட்டும்தான். யார் யாருடைய மனைக்கோ அங்குலம் பிசகாமல் எல்லை வரைந்து கொடுத்தவளுக்கு, தம்பி விழுந்த கிணறு ஒரு வரைபடத்திலும் இல்லை என்பதைத் தாங்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். தவசியும் பின்னால் உட்கார்ந்து வந்தார். வாடிப்பட்டிக்கும் சோழவந்தானுக்கும் இடையில் கிடக்கும் ரோடுகளில் சுவரில்லாத கிணறு கண்ணில் பட்டால் நிறுத்துவார்கள். அவள் போட்டோ எடுத்து, போனில் இடத்தைக் குறித்துக்கொள்வாள். அவர் கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கி ஆழம் பார்ப்பார். மகன் விழுந்த கிணறு இருக்கும் ரோட்டுக்கு மட்டும் வரமாட்டேன் என்றுவிட்டார். அதை அவள் தனியாகப் போய்க் குறித்துவிட்டு வந்தாள்.

எல்லாவற்றையும் ஒரு வரைபடமாக்கி ஒன்றிய அலுவலகத்துக்குக் கொண்டுபோனாள். அங்கே வெள்ளைத்துரை என்ற ஓவர்சியர் அவளை உட்காரவைத்துப் பொறுமையாகக் கேட்டார். ரோட்டோரக் கிணறுகளுக்குச் சுவர் கட்ட உத்தரவு வந்திருக்கிறது, எங்கே எங்கே இருக்கிறதென்று தெரியாமல் விழித்துக்கொண்டிருக்கிறோம் என்றார். ஆனால் அவள் காட்டிய வரைபடம் இணையம் இருந்தால்தான் திறந்தது.

“நம்ம மேஸ்திரிமார் போன்ல இது சுத்திக்கிட்டே கெடக்கும்மா. அங்கிட்டு டவரே கெடையாது. போட்டோ மாதிரி ஒண்ணு குடு. புள்ளியத் தொட்டா கெணறு வரணும். அம்புட்டுத்தான்.”

பாண்டிச்செல்வி பயன்படுத்திய வரைபட மென்பொருள் ஒருவருக்கும் சொந்தமில்லாதது. பல நாட்டுக்காரர்கள் சேர்ந்து எழுதி, யாரும் எடுத்துக்கொள்ளலாம், யாரும் திருத்தலாம் என்று பொதுவில் வைத்திருந்தார்கள். ஓவர்சியர் கேட்ட வசதி அதில் இல்லை. ஆகவே அதோடு பொருத்திக்கொள்கிற மாதிரி பிளகின் என்கிற துணை நிரல் ஒன்றை அவளே எழுதத் தொடங்கினாள். வரைபடத்தை அது ஒரு படமாகச் சேமிக்கும். படத்தில் எந்த இடத்தைத் தொட்டால் என்ன காட்ட வேண்டும் என்று கூடவே ஒரு கோப்பும் எழுதி வைக்கும். இரண்டையும் வாட்ஸப்பில் அனுப்பிவிட்டால் போதும், அப்புறம் டவர் வேண்டாம்.

எழுதி முடித்ததைப் பொதுவில் சேர்க்கச் சொல்லி அனுப்பினாள். ஹெல்கா என்ற பெண் அதைச் சோதித்தாள். எந்த நாட்டுக்காரி என்பதுகூடத் தெரியாது. வரிக்கு வரி கேள்வி கேட்டாள், சிலதைத் திருத்தச் சொன்னாள், கடைசியில் சேர்த்துக்கொண்டாள். பிளகினின் பெயருக்குக் கீழே பாண்டிச்செல்வி தவசி என்று இருந்ததை அப்பாவிடம் காட்டினாள். மருது பேரையும் போட்டிருக்கலாமே என்று மட்டும் கேட்டார்.

முன்பின் தெரியாத ஆட்கள் அதை எடுத்துப் பயன்படுத்தினார்கள். ஒருவர் கல்லறைத் தோட்டத்துக்கு, ஒருவர் ஆஸ்பத்திரிக் கட்டடத்துக்கு. அதில் ஒருவர் குறை எழுதியிருந்தார்: படத்தின் ஓரத்தில் பாதி வெட்டுப்பட்டு விழும் உருவங்களைத் தொட்டால் ஒன்றும் வருவதில்லை. அடுத்த பதிப்பில் பார்க்கிறேன் என்று அவள் பதில் எழுதினாள். அப்போது சுவர் வேலை மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. மேஸ்திரிகள் ஒவ்வொரு புள்ளியாகத் தொட்டு, போட்டோவைப் பார்த்து, இடத்தைக் கண்டுபிடித்துக் கட்டினார்கள். மருதுவின் கிணற்றுக்கும் சுவர் வந்தது. ஆடிக் கடைசியில் வெள்ளைத்துரை கூப்பிட்டு, எல்லாம் முடிந்ததென்றார். படத்துக்குக் கீழே போட்டிருந்த எண்ணிக்கையோடு ஒத்துப்போகிறது என்றார்.

ஐப்பசியில் மழை பிடித்தது. ரோட்டுக்கும் வயலுக்கும் வித்தியாசம் தெரியாமல் தண்ணீர் நின்ற ஒரு சாயங்காலம், சோழவந்தானில் வெற்றிலைக்கட்டு போட்டுவிட்டுத் திரும்பிய தங்கப்பாண்டி என்ற கொடிக்கால் விவசாயி கிணற்றில் விழுந்து இறந்துபோனார். மறுநாள் காலையில் வெள்ளைத்துரை போன் செய்தார்.

“ஏம்மா, அந்தக் கெணறு ஒன் மேப்புல இல்லயேம்மா.”

“இருக்கு சார். நானும் எங்கப்பாவுந்தான் அளந்தோம்.”

“தொட்டுப் பாரு.”

தன் அலுவலகத்தில் எல்லோரும் இருக்கும்போதே அவள் படத்தைத் திறந்தாள். பரப்பு பெரியதென்று வரைபடத்தைப் பல துண்டுகளாக வெட்டியிருந்தாள். அந்தக் கிணறு இரண்டு துண்டுகளுக்கு நடுவில் விழுந்திருந்தது. ஒன்றில் பாதிச் சிவப்பு வட்டம், மற்றதில் மீதிப் பாதி. முதலாவதைத் தொட்டாள். ஒன்றும் வரவில்லை. இரண்டாவதையும் தொட்டாள். துண்டுக்குள் முழுதாக இல்லாததை விட்டுவிடச் சொல்லி நிரலில் அவளே ஒரு வரி எழுதியிருந்தாள். ஆரம்பத்தில் ஏதோ தொந்தரவு கொடுக்கிறதென்று போட்டது. கீழே மொத்தம் போடுவதும் அதே நிரல்தான் என்பதால், விட்டுப்போனது கணக்கிலும் வரவில்லை.

அன்றைக்கே திருத்தினாள். சிறிய திருத்தம்தான். ஏன் இவ்வளவு அவசரம் என்று ஹெல்கா கேட்டதற்கு நடந்ததை எழுதினாள். அந்த வரியை நானும் பார்த்தேன், பார்த்துவிட்டுத்தான் சரி என்றேன் என்று ஹெல்கா எழுதியிருந்தாள்.

திருத்திய பிளகினைக் கொண்டு படங்களை மறுபடி எடுத்தபோது, ஓரங்களில் இன்னும் சில கிணறுகள் உயிர்பெற்று வந்தன. அவற்றுக்காவது உடனே சுவர் வையுங்கள் என்று வெள்ளைத்துரையிடம் ஓடினாள். அவர் முகம் கொடுத்துப் பேசவில்லை. திட்டம் முடிந்து கோப்பை மூடியாயிற்று, இப்போது திறந்தால் இந்தச் சாவுக்கு யார் பொறுப்பு என்று மேலே கேட்பார்கள் என்றார். விசாரணை வந்தது. பிழை என்னுடையது, குறை எழுதி வந்தும் தள்ளிப்போட்டேன் என்று அவள் மறைக்காமல் எழுதிக் கொடுத்தாள். மீதமுள்ள கிணறுகளின் இடங்களையும் அதிலேயே சேர்த்தாள். தனிநபர் கொடுத்த தவறான வரைபடமே காரணம் என்று முடிவெழுதி, அந்த வரைபடத்தை இனிமேல் பயன்படுத்தக் கூடாதென்று உத்தரவு போட்டார்கள். மீதிக் கிணறுகளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

தங்கப்பாண்டியின் வீட்டுக்குப் போகப்போவதாக அவள் சொன்னபோது தவசி தடுத்தார். அந்தத் தெருவுக்கு நம் ஆட்கள் வேலைக்குத்தான் போயிருக்கிறார்கள், துக்கம் கேட்டுப் போனதில்லை, அதிலும் இதைச் சொல்லப் போனால் என்ன நடக்குமோ என்றார். அவள் போனாள். தங்கப்பாண்டியின் மனைவி சுபலட்சுமிக்கு அவள் வயதுதான் இருக்கும். யாரென்று கேட்டுவிட்டு, முற்றத்தில் நாற்காலி போடச் சொன்னாள். பாண்டிச்செல்வி உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். பாதி வட்டத்தையும் போனில் காட்டினாள்.

சுபலட்சுமி அதைத் தொடவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“அந்த ரோட்டுலதான் ஆபீசு ஆளுக தெனமும் ஜீப்புல போனாக. சுவரு கட்டுனவுகளும் அதுலதான் கல்லு ஏத்திட்டுப் போனாக. ஒன் போன்ல அமுக்குனாத்தான் கெணறு கண்ணுக்குத் தெரியுமா?”

பாண்டிச்செல்வி போனை அணைத்துக் கைப்பைக்குள் வைத்தாள்.

“அதுக்காக ஒன் மேல தப்பில்லன்னு சொல்லல,” என்றாள் சுபலட்சுமி. “நீயும் பாத்துருக்கணும். போயிட்டு வா.”

வாசலைத் தாண்டி வெகுதூரம் வந்த பிறகுதான் ஸ்கூட்டரை அங்கேயே விட்டுவிட்டு நடந்துகொண்டிருப்பது அவளுக்கு உறைத்தது. திரும்பிப் போய் எடுக்கும்போது அந்த வீட்டில் யாரோ பெரிய குரலில் அழுதுகொண்டிருந்தார்கள். சுபலட்சுமியின் குரலா என்று தெரியவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் மகளும் கடப்பாரையோடு போனார்கள். ஓரத்துக் கிணறுகள் ஒவ்வொன்றையும் சுற்றிச் சவுக்குக் கம்பு நட்டு, முள்வேலி கட்டி, கம்புகளில் சிவப்புத் துணி சுற்றினார்கள். வண்டியில் போனவர்கள் வேகத்தைக் குறைத்துப் பார்த்துவிட்டுப் போனார்கள். கை பூராவும் முள் கிழித்திருந்தது. தவசி நிமிராமல் குழி தோண்டினார்.

தை பிறந்ததும் ஒரு சாயங்காலம் வேலிகளைப் பார்த்துவர அவள் தனியாகப் போனாள். மற்ற இடங்களில் வேலி அப்படியே இருந்தது. ஒரு கிணற்றில் மட்டும் கம்புகளை யாரோ பிடுங்கிக்கொண்டு போயிருந்தார்கள், அடுப்புக்கோ பந்தலுக்கோ. குழிகள் வரிசையாகக் கிடந்தன. கிணற்றில் தண்ணீர் விளிம்பு வரை நின்றது. அவள் ஸ்கூட்டரைக் கிணற்றை மறைத்தாற்போல் ரோட்டோரமாக நிறுத்தி, விளக்கைப் போட்டுவிட்டு, அப்பாவுக்குப் போன் செய்தாள். கம்பு வாங்கிக்கொண்டு ஷேர் ஆட்டோவில் வாரேன் என்றார். அவர் வரும்வரை அந்தப் பக்கம் வந்த வண்டிகளுக்கெல்லாம் கையைக் காட்டிக்கொண்டு அங்கேயே நின்றாள்.