இடது தோளில் ஒரு குடம்

"குடத்தை என் தோள்ல வைங்க," என்றான் வேலுச்சாமி.

தண்ணீர் நிரம்பிய மண்குடத்தோடு நின்ற நாவிதர், சித்தப்பா ராக்கையாவைப் பார்த்தார். சுருளிப்பட்டி ஆற்றங்கரைச் சுடுகாட்டில், அடுக்கிய விறகின்மேல் அய்யா படுத்திருந்தார். நேற்றுச் சாயங்காலம் வாழைக்கு மடை திருப்பிவிட்டு வரப்பில் உட்கார்ந்தவர், எழுந்திருக்கவே இல்லை.

"தகப்பனுக்கு மூத்தவன்தேன் செய்யணும். ஆனா ஒத்தைக் கைய வச்சுக்கிட்டு எப்பிடிய்யா சுத்துவ? பாதியில குடம் விழுந்தா குடும்பத்துக்கே ஆகாது. தம்பி செய்யட்டும்," என்றார் சித்தப்பா.

"எங்கய்யாவுக்கு நாந்தேன் செய்வேன்."

கரும்பு ஆலை அவனுடைய வலது கையைத் தோளோடு வாங்கியிருந்தது. அதற்குப் பிறகு இடது தோளில் வாழைத்தாரை ஏற்றினால், எதிர்ப்பக்கம் வீசி நடக்கக் கை இல்லாமல் தள்ளாடுவான். அன்றிலிருந்து அய்யா தன் தாரை வலது தோளுக்கு மாற்றிக்கொண்டு, அவனுக்கு வலப்பக்கமாக, தோளோடு தோள் உரச நடந்தார். கேட்டால், "இங்கிட்டுத்தேன் நெழலு," என்பார். அந்த வண்டிப்பாதையில் பேருக்கு ஒரு மரம் கிடையாது. ஒழுங்காக ஒரு பொய் சொல்லக்கூடத் தெரியாத மனுசன்.

குடம் தோளில் ஏறியது. பழக்கத்தில் வலப்பக்கம் சாய்ந்தான். அங்கே யாரும் இல்லை. அய்யா போய்விட்டார் என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. அவன் பிடிக்கவேண்டிய கொள்ளியைத் தான் வாங்கிக்கொண்டு பின்னால் வந்த தம்பி சங்கிலி, தாங்கிப் பிடிக்கக் கையை நீட்டினான்.

"தொடாதலே."

குதிகாலை அழுந்த ஊன்றி, இடுப்பை ஒடித்து ஒடித்து முதல் சுற்றை முடித்தான். நாவிதர் கத்தி முனையால் குடத்தைக் கொத்தினார். தண்ணீர் முதுகில் வழிந்தது. பாரம் குறையக் குறைய, சாய்ந்த உடம்பைக் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்த்த வேண்டியிருந்தது. இரண்டாவது சுற்றில் அதை மறந்ததில் கால் பின்னியது. யாரோ "முருகா" என்றார்கள். நின்று, சுதாரித்து, மறுபடி நடந்தான்.

மூன்றாவது சுற்று முடிந்தபோது குடத்தில் சொட்டுத் தண்ணீர் இல்லை.

"திரும்பிப் பாக்காம பின்னால விடுங்க," என்றார் நாவிதர்.

அவன் விடவில்லை.

"அதேன் முடிச்சுட்டியேய்யா. விடு." சித்தப்பாவின் குரல் இறங்கியிருந்தது.

"செத்த இருங்க சித்தப்பா."

காலிக் குடத்தில் கனமே இல்லை. நிமிர்ந்து நிற்கலாம். வேலுச்சாமி விரல் வெளுக்க அதைப் பிடித்துக்கொண்டு, வலப்பக்கம் சாய்ந்தபடியே நின்றான்.