முப்பத்து நான்கு பிக்சல்

அறுபத்திரண்டு புள்ளிகளும் ஓரடி கீழே இருந்தன.

நித்யஸ்ரீ முதலில் மூன்றைச் சரிபார்த்தாள். பிறகு பத்து. பிறகு அத்தனையும். திரையின் ஒரு பக்கம் காகித வரைபடம் ஒன்றின் ஸ்கேன். மறுபக்கம் அதன் கோட்டின் மேல் அக்தர் மௌஸால் க்ளிக் செய்து எடுத்த எண்கள். கோடு ஐந்தடியைத் தொடும் இடத்தில் கோப்பில் நான்கு இருந்தது. மூன்று இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு.

கை தவறினால் ஒன்று மேலே போகும், ஒன்று கீழே போகும். அறுபத்திரண்டு முறை ஒரே பக்கம், ஒரே அளவு தவறாது.

அக்தரும் அவளும் ஒரே கல்லூரியில் படித்தவர்கள். அவன் கட்டடப் பொறியாளன். அவள் கிழக்குத் தாம்பரத்தில் இருந்துகொண்டு ஒரு நிறுவனத்துக்கு நிரல் எழுதினாள். மிச்ச நேரத்தில், வரைபடம் வரையும் நிரல்களின் தொகுப்பை, ஒரு லைப்ரரியை, இன்னும் மூவரோடு சேர்ந்து பராமரித்தாள். அதை யாரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தலாம். இரண்டு வருடங்களுக்கு முன் அக்தர் போன் செய்தான்.

“உன் லைப்ரரி படம் நல்லா போடுது. ஆனா ஊமை. நான் க்ளிக் பண்ணா அது எந்த இடம்னு வாயத் தொறக்க மாட்டேங்குது.”

“தொறந்தா என்ன பண்ணப் போற?”

“எங்க தெருவோட வெள்ளக் கணக்கு. ரெண்டாயிரத்து பதினஞ்சு வெள்ளத்துக்கு அப்புறம் ஒரு காலேஜ் சார் பேப்பர்ல போட்டு வெச்சிருக்கார். எவ்ளோ மழைக்கு எத்தன அடி தண்ணின்னு. அத நம்பரா மாத்தணும். ஸ்கேல் வெச்சு அளந்தா கண்ணு அவிஞ்சிடும் மேடம்.”

“மேடம்னு சொன்னா ரெண்டு வாரம் லேட்டாகும்.”

“சரி தாயே.”

அவளுக்கும் அந்த வேலை பிடித்திருந்தது. லைப்ரரிக்குத் திரையில் சொந்தமாக ஜன்னல் கிடையாது. ஜன்னல் திறந்து தருவது டூல்கிட் என்ற வேறு மென்பொருள். நான்கு டூல்கிட்களில் எது கணினியில் இருக்கிறதோ அதனிடம் ஜன்னலைக் கேட்டு வாங்கி அதில் படம் போடும். க்ளிக் எங்கே விழுந்தது என்பதையும் அந்த டூல்கிட்தான் சொல்ல வேண்டும். நான்கும் உயரத்தை மேலிருந்து எண்ணின. வரைபடத்தில் உயரம் கீழிருந்து. மொத்த உயரத்திலிருந்து கழித்தால் போதும். மூன்றில் போதுமாக இருந்தது. நான்காவதில், பொத்தான்கள் உள்ள பட்டை படத்துக்கு மேலே இருந்தது. அவளுக்குத் தெரியாமல் அந்த டூல்கிட் பட்டையையும் சேர்த்து எண்ணியது. முப்பத்து நான்கு பிக்சல்.

மற்ற சோதனைகளை எல்லாம் கணினியே செய்துவிடும். இதற்கு மட்டும் ஒரு கை வேண்டியிருந்தது. படத்தின் நடுவில் க்ளிக் செய்தால் 0.50 வர வேண்டும். 0.49 வந்தது. 0.51 வந்தது. 0.50 வந்தது. நான்காவதில் 0.44. மறுபடி செய்தாள். 0.45. கை என்றால் முன்பின் இருக்கும் என்று நினைத்தாள். பத்தில் ஒரு பங்கு வரை விலகலாம் என்று சோதனைக் குறிப்பில் எழுதினாள். நான்கு கட்டங்களிலும் டிக் போட்டாள்.

க்ளிக் செய்த இடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி விழும். அதைப் போடுவது டூல்கிட். அது சரியாக விழுந்தது. கோப்பில் எண்ணை எழுதுவது லைப்ரரி. புள்ளி கோட்டின் மேல் உட்காருவதைப் பார்த்தவர்கள் எண்ணைச் சந்தேகப்படவில்லை.

ஒருத்தி சந்தேகப்பட்டாள். லைப்ரரியைப் பயன்படுத்துபவள், ஹில்டா என்று பெயர். நான்காவது டூல்கிட்டில் எல்லாப் புள்ளிகளும் கொஞ்சம் தாழ்வாக வருகின்றன என்று ஏப்ரலில் எழுதினாள். நித்யஸ்ரீ பதில் போட்டாள்: “கை நடுக்கமாக இருக்கலாம். படத்தைப் பெரிதாக்கி க்ளிக் செய்து பாருங்கள்.” அன்றே அந்தப் புகாரை மூடினாள்.

அக்தரின் பழைய லேப்டாப்பில் நான்காவது டூல்கிட்தான் இருந்தது. அந்தச் சின்னத் திரையில் முப்பத்து நான்கு பிக்சல் என்பது ஓரடி.

டிசம்பரில் முப்பது சென்டிமீட்டர் மழை என்று அறிவித்தார்கள். முடிச்சூரில் அக்தரின் வீடு தரைத்தளம். தெருவிலிருந்து நாலடி உயர்த்திக் கட்டியது. அவனுடைய அட்டவணை மூன்றே முக்கால் அடி என்றது. தங்கை சோயா, அம்மாவைச் செம்பாக்கத்துக்குத் தன் வீட்டுக்கு அனுப்பச் சொன்னாள். அம்மாவின் முழங்காலுக்கு அங்கே மூன்று மாடி ஏறுவது ஆகாது, தண்ணீர் வாசலுக்கும் வராது என்றான் அக்தர். கரண்ட் போனாலும் அம்மாவுக்கு ஃபேன் ஓட வேண்டும் என்று இன்வெர்ட்டரைப் போட்டுவிட்டு படப்பையில் வேலை நடக்கும் இடத்துக்குப் போனான். இன்வெர்ட்டர் தரையில் இருந்தது. இரவில் சாலை அறுந்தது. வீட்டுக்குள் முக்கால் அடி தண்ணீர் வந்தது. அம்மா நூர் பீவி காலைத் தொழுகைக்காகக் கட்டிலிலிருந்து இறங்கி, இன்வெர்ட்டர் கரண்ட் பாய்ந்திருந்த தண்ணீரில் கால் வைத்தார்.

அடக்கம் முடிந்து மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை நித்யஸ்ரீ முடிச்சூருக்குப் போனாள். க்ளிக் கோப்பை அவள்தான் அவனிடம் கேட்டு வாங்கியிருந்தாள். ஏன் என்று அவன் கேட்கவில்லை.

மாடிப்படியில் பாலாம்பாள் நின்றிருந்தார். மேல்வீட்டுக்காரர். படியைக் கழுவிக்கொண்டிருந்தார்.

“அக்தரோட வேலை பாக்கறியாம்மா?”

“கூடப் படிச்சேன்.”

“முந்தின நாள் சாயங்காலமே மேல வந்துடுங்கோன்னு கூப்ட்டேன். எம்புள்ள கணக்குப் போட்டுட்டான், வராதுன்னாங்க. என்ன பெருமைங்கற அந்தக் குரல்ல.”

பாலாம்பாள் வாளியைக் கவிழ்த்தார். தண்ணீர் படிகளில் இறங்கியது.

உள்ளே சுவரில் முழங்காலுக்குக் கீழே சேற்றுக் கோடு. கட்டில் இல்லை. அக்தர் தரையில் உட்கார்ந்திருந்தான். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை அவளிடம் நகர்த்தினான். அவளும் தரையிலேயே உட்கார்ந்தாள்.

“மேட்ச் பாத்துகிட்டே க்ளிக் பண்ணேன்,” என்றான். “கடைசி ஓவர். அதான். சோயாகிட்டயும் சொன்னேன். மேட்ச் பாத்துகிட்டே அம்மாவ கொன்னுட்டியேன்னா. அதுக்கப்புறம் பேசல. போன் எடுக்க மாட்டேங்கறா.”

“அக்தர், நீ தப்பா க்ளிக் பண்ணல.”

“விடு. சமாதானம் சொல்லாத.”

“லேப்டாப்பத் தொற.”

அவன் திறந்தான். அவள் அந்த வரைபடத்தை எடுத்தாள். ஐந்தடிக் கோட்டில் க்ளிக் செய்யச் சொன்னாள். செய்தான். சிவப்புப் புள்ளி கோட்டின் மேல் விழுந்தது. அவள் கோப்பைத் திறந்தாள். நான்கு.

அவன் மறுபடி செய்தான். நான்கு. இன்னொரு முறை, மூச்சைப் பிடித்துக்கொண்டு. நான்கு.

“டெஸ்ட் யாரு பண்ணது?”

“நான்.”

“இதுலயுமா?”

“இதுலயும். தப்பா வந்துது. கை சரியில்லன்னு நெனச்சேன்.”

“யாரு கை?”

“என் கை.” அவள் நிறுத்தவில்லை. நிறுத்தினால் மிச்சம் வராது. “ஏப்ரல்ல ஒருத்தங்க எழுதியும் இருந்தாங்க. அவங்க கையும் சரியில்லன்னு மூடிட்டேன்.”

“ஏப்ரல்,” என்றான். விரல்களில் எண்ணினான். டிசம்பர் வந்ததும் கையை மடக்கினான்.

வெளியே பாலாம்பாள் துடைப்பத்தால் தண்ணீரைத் தள்ளும் சத்தம் கேட்டது.

“சோயாவுக்குப் போடு,” என்றான். “உன் போன்ல இருந்து.”

மூன்றாவது மணியில் சோயா எடுத்தாள். நித்யஸ்ரீ தன் பெயரைச் சொன்னாள். ஒரு தடவை பார்த்திருக்கிறோம் என்றாள். பிறகு பட்டை, பிக்சல், ஓரடி எல்லாவற்றையும் சொன்னாள். ஏப்ரலையும் சொன்னாள்.

“அவன் மேட்ச் பாத்துட்டிருந்தான்னு சொன்னானே.”

“பாத்திருக்கான். ஒண்ணு கூட தப்பல.”

“அவன்கிட்ட சொல்லிட்டீங்களா?”

“சொல்லிட்டேன். பக்கத்துல இருக்கான்.”

“இப்ப உங்களுக்கு லேசா இருக்கா?”

“இல்ல.”

“இருக்கக் கூடாது.” சோயாவின் மூச்சுச் சத்தம் கேட்டது. “அவன்கிட்ட குடுங்க.”

அக்தர் போனை இரண்டு கையாலும் வாங்கினான். எழுந்து உள்ளறைக்குப் போனான். ஈரத்தில் ஊதிப்போன கதவு முழுதாகச் சாத்தவில்லை. முதலில் வெறும் அழுகை. பிறகு, “இல்லடீ, இல்லடீ, நீ சாப்ட்டியா?” என்ற குரல். நித்யஸ்ரீ எழுந்து வாசலுக்கு வந்து நின்றாள்.

வெகுநேரம் கழித்து வந்து போனைத் திருப்பிக் கொடுத்தான். முகம் கழுவியிருந்தான்.

“சரி பண்ணிட்டியா?”

“நேத்தே.”

“இத யூஸ் பண்ற மத்தவங்களுக்கு?”

“சொல்லணும்.”

“இங்கயே உக்காந்து சொல்லு.”

அவள் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டாள். எழுதினாள்: ஒரு குறிப்பிட்ட டூல்கிட்டில் க்ளிக் மதிப்புகளில் சிறு பிழை இருப்பது கண்டறியப்பட்டுள்ளது. அவன் பின்னால் நின்று படித்தான்.

“கண்டறியப்பட்டுள்ளதுன்னா? யாரு கண்டுபிடிச்சா? சிறுன்னா எவ்ளோ?”

அவள் அழித்தாள்.

“நீ என்ன பண்ணேன்னு போடு.”

போட்டாள். சோதனையில் தவறான எண் வந்தது. பார்த்தேன். டிக் போட்டேன். ஏப்ரலில் ஹில்டா சொன்னதை விசாரிக்காமல் மூடினேன். இரண்டு வருடமாக எடுத்த எண்கள் எல்லாம் தாழ்வாக இருக்கும். அவற்றை நம்பி முடிவு எடுத்திருந்தால் இன்றே மாற்றுங்கள். கீழே தன் பெயரை எழுதினாள்.

அவன் இரண்டு முறை படித்தான்.

“அம்மாவப் பத்தி வேணாம்,” என்றான்.

“எழுதல.”

“அனுப்பு.”

அனுப்பினாள். அவன் லேப்டாப்பை அவள் மடியிலிருந்து எடுத்து மூடினான். அவள் செருப்பைப் போடும்வரை வாசலில் நின்றான். பிறகு உள்ளே போய்விட்டான்.