மூலை அறுப்பு

1

இந்தக் கதை ஒரு கேள்வியிலிருந்து வந்தது. கேட்டவர் என் கணவர் ஆல்பின். அவர் இப்போது இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் சொல்ல எனக்குத் தெம்பு இருக்காது.

2

முதல் தொடக்கம்: தஞ்சாவூர் மருத்துவமனை ஒன்றில் ஓர் எந்திரம் தன் நான்கு கைகளையும் விரித்து… (வேண்டாம். அவர் பயப்படவே இல்லை. பயந்தது நான்.)

இரண்டாவது: ஆல்பின் பெல்ட் வண்டி* ஓட்டுபவர். குடலில் கட்டி. ரோபோ உதவியோடு எடுக்கலாம் என்று டாக்டர் சாஜிதா சொன்னதும் கேட்டார்:

"ஓட்டுறது யாரு டாக்டர்?"

"நான்தான். அதுவா ஒண்ணும் வெட்டாது."

"அப்ப மூலைக்கு? எங்க வண்டி வயல் மூலைக்குள்ள போகாது. ஆள் இறங்கி அரிவாளாலதான் அறுக்கணும்."

"எனக்கும் மூலை வரலாம். வந்தா மெஷின ஒதுக்கிட்டு, வயித்தத் திறந்து கையால முடிச்சிருவேன். அதுக்காக நீங்க அரிவாள் கொண்டுவந்துடாதீங்க."

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

* சேற்று வயலிலும் இறங்கும் அறுவடை எந்திரம். 'என் மூத்த மக' என்பார். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. (இந்தக் குறிப்பை நீக்க நினைத்தேன். இருக்கட்டும்.)

3

அன்று ஆபரேஷன் அறைக்கு வெளியே நான்…

சொன்ன நேரம் தாண்டிய பிறகுதான் டாக்டர் வந்தார்.

"பழைய அப்பெண்டிக்ஸ் ஆபரேஷனால குடல் ஒட்டிக்கிட்டு இருந்துச்சும்மா. பாதியில கைக்கு மாத்திட்டேன்."

"மெஷின் கெட்டுப்போச்சா?"

"நல்லாத்தான் இருந்துச்சு. அதுக்கு மேல அதுல போறது சரியில்ல, நிறுத்திட்டேன். கட்டிய எடுத்தாச்சு. அவரு நல்லா இருக்காரு."

கதைக்கு ஒரு வில்லன் வேண்டுமென்றால், இந்த இடத்தில் எந்திரத்தைப் பழுதாக்கலாம். எழுதியும் பார்த்தேன். பொய். கிழித்துப் போட்டேன்.

கண் விழித்தவர் வயிற்றுக் கட்டைத் தடவினார்.

"மூலை அறுத்துட்டாங்களா?"

"பேசாம படுங்க."

"சிரிக்க வைக்காத அனிட்டா, தையல் இழுக்குது."

நான் எங்கே சிரிக்க வைத்தேன்?

4

முடிவு ஒன்று: நோய் ஈரலில் திரும்பி வந்தது. (நடந்தது இதுதான். எழுதத் தெரியவில்லை.)

முடிவு இரண்டு: வரவே இல்லை. (எழுத ஆசை.)

மூன்று: ஆபரேஷனுக்குப் பின், நோய் திரும்புவதற்கு முந்தைய அறுவடை. பட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு வயல். வண்டியில் ஏறக் கூடாது என்று நான் சொல்லியும் ஏறிவிட்டார். சாப்பாட்டுத் தூக்கோடு வரப்பில் நிற்கிறேன். மூலை அறுக்க வேண்டிய ஆள் வரவில்லை.

"என்ன வேடிக்கை? அரிவாள எடுத்துக்கிட்டு இறங்கு."

"மூத்த மகள இறங்கச் சொல்லுங்க."

"அவளுக்கு மூலை வராதுடி."

இறங்கினேன். இந்த மூலையை முடித்தால் வண்டி திரும்பிவிடும். திரும்பினால் அடுத்த வருஷம் வந்துவிடும். அதனால் மெதுவாக அறுத்துக்கொண்டிருக்கிறேன். மேலே அவர் ஹார்ன் அடிக்கிறார்.

படிக்கிற உங்களுக்கு அவசரமென்றால், வரப்பில் இன்னொரு அரிவாள் இருக்கிறது.

எனக்கு அவசரமில்லை.