நடுவர் துறந்தார்

கோம்பையில் பொங்கல் முடிந்ததும் நடக்கும் நாய்க் கண்காட்சிக்குப் பாண்டீஸ்வரன்தான் நடுவர். நல்ல நடுவர் என்று யாரும் சொன்னதில்லை. அந்தப் பதவிக்கு வரவும் வேறு யாரும் துணிந்ததில்லை. ஊரில் பாதிப் பேர் அவனுக்கு மாமன், மீதிப் பேர் மச்சான். ஒரு நாய்க்குப் பரிசு கொடுத்தால் பத்து வீட்டில் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். இந்த வருடம் மாமனார் சின்னக்கருப்பே தன் செவலை நாயை இறக்கப்போகிறார். பரிசு கொடுத்தால் ஊர் சிரிக்கும். கொடுக்காவிட்டால் மாமனார் வீட்டு வாசலை மிதிக்க முடியாது.

ராஜினாமா செய்தும் பார்த்தாயிற்று. ஒவ்வொரு முறையும் கமிட்டித் தலைவர் ஞானதுரை, "கோவிச்சுக்கிறாதீக தம்பி" என்று ஒரு சால்வையைப் போர்த்தி இழுத்துக்கொண்டு போய்விடுவார். பீரோவில் இனி சால்வைக்கு இடமில்லை.

"விலகுறேன்னா கெஞ்சச் சொல்றீகன்னு நெனைக்கிறாக. துறக்கிறேன்னு சொல்லுங்க" என்றாள் மனைவி கயல்.

"அது ராசாக்கமாரு சொல்றதுல்ல?"

"அதனாலதான். முடியத் துறந்த ராசா மறுநாளே வந்து, குடுங்கடா என் முடியன்னு கேப்பாரா? ஆனா ஒண்ணு, புடிக்காத வேலைய விடுறதுக்கு இந்தச் சொல்லு ஆகாது. ஆசப்பட்டத மனசறிஞ்சு விட்டாத்தான் துறக்கிறது."

"எனக்கு அங்கன என்ன ஆச?"

"மைக்கப் புடிச்சதும் உங்க மொகத்துல ஒரு சிரிப்பு வருமே, அது."

பாண்டீஸ்வரனுக்குச் சுருக்கென்றது.

மறுநாள் கமிட்டிக் கூட்டத்தில் எழுந்து, "நடுவர் பதவியைத் துறக்கிறேன்" என்றான். ஞானதுரை கையில் எடுத்த சால்வையை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டார். ஒருவர்கூடக் கெஞ்சவில்லை. ஒருவராவது கெஞ்சியிருக்கலாம் என்று அவனுக்குப் பட்டது.

அடுத்த நடுவர் யார் என்றதும் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள்.

"நான் பாக்குறேன்" என்றாள் கூட வந்திருந்த கயல். பைக்குள் போன சால்வை வெளியே வந்து அவள் தோளில் ஏறியது.

கண்காட்சியன்று கயல் அப்பாவின் நாயை முதல் சுற்றிலேயே வெளியே அனுப்பிவிட்டு, பரிசைப் பக்கத்து ஊரான பண்ணைப்புரத்து நாய்க்குக் கொடுத்தாள். சின்னக்கருப்பு மகளை முறைத்துவிட்டு நேராக மருமகனிடம் வந்தார்.

"மாப்ள, நீங்க நடுவரா இருந்திருந்தா நம்ம நாய்க்குத்தான குடுத்திருப்பீக?"

"சத்தியமா மாமா!"

எத்தனை வருடமாகச் சொல்ல ஆசைப்பட்ட பதில்! மாமனார் குளிர்ந்துபோய், கறிச்சோற்றுக்கு வரச் சொன்னார். இருட்டுவதற்குள், தோற்ற நாய்க்காரர் அத்தனை பேரிடமும் பாண்டீஸ்வரன் அதே பதிலை மனதாரச் சொல்லி முடித்தான்.

மேடையில் கயல் மைக்கைப் பிடித்திருந்தாள். அவள் முகத்தில் அந்தச் சிரிப்பு வந்திருந்தது. பாண்டீஸ்வரன் பார்த்துக்கொண்டே நின்றான். அவனுக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.