ரக்ஷனாவின் உள்ளங்கை

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. ‘அறிவியல் ஆர்வத்தில்’ என்று முதலில் எழுதி, அடித்துவிட்டேன்.

தொடக்கம் இப்படி: பிடோக்கில் ஒரு மூவறை வீட்டிலிருந்து பல்கலைக்கழகம் போன முதல் ஆள் ரஷீதா. மூன்று வருடமாக ஒரு கையடக்க ராமன் கருவி செய்கிறாள். உள்ளங்கையில் லேசரைப் பாய்ச்சினால், சிதறி வரும் ஒளியை வைத்துத் தோலில் என்ன சத்து குறைகிறது என்று சொல்லும். தீபாவளிக்கு மறுநாள் மருத்துவர்கள் முன் தன் கையிலேயே அதை அளந்து காட்டப்போவது ரக்ஷனா. ஆய்வகத்தில் சேர்ந்து ஆறு மாதம்தான்.

“அவ நல்லா பேசுவா லா,” என்றார் மேலாளர் இளமாறன். “நீ பின்னால நின்னு பாத்துக்க.”

2

முதல் வரைவில் ரக்ஷனாவைக் கெட்டவளாக்கினேன். [அப்பா, அம்மா இருவரும் டாக்டர், அவள் சிரிப்பிலேயே ஒரு திமிர் –] இல்லை. திமிர் இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு வசதி. ரஷீதாவுக்கும் சேர்த்துக் கோப்பி வாங்கி வருகிறவள் அவள். எரிவதே அதனால்தான்.

3

(முன்பே சொல்லியிருக்க வேண்டும்: இந்தக் கருவிக்கு மருதாணி ஆகாது. லேசர் பட்டதும் கறை ஒளிர்ந்து, அளவையே மூழ்கடித்துவிடும். நோன்புப் பெருநாள் மருதாணியோடு சோதித்து ரஷீதா ஒரு வார அளவீட்டைப் பாழாக்கினாள். ஆய்வகமே சிரித்தது. ரக்ஷனா அப்போது சேரவில்லை.)

4

தீபாவளிக்கு முதல் நாள். சிராங்கூன் சாலையில் மருதாணி போட நீண்ட வரிசை. ரக்ஷனா ஒரு கோனை மட்டும் வாங்கிக்கொண்டு பிடோக்குக்கே வந்துவிட்டாள்.

“நீங்க சூப்பரா போடுவீங்களாமே. ரெண்டு கையிலயும் போட்டு விடுங்கக்கா.”

ரஷீதா விரல்களில் கொடி வரைந்தாள். மணிக்கட்டில் பூ வரைந்தாள். உள்ளங்கை நடுவில், கருவி உட்காரும் இடம் மட்டும் வெறுமையாக இருந்தது.

5

முடிவு அ: கருவிக்கு மருதாணி ஆகாது என்று சொல்லிவிடுகிறாள். ரக்ஷனா கைதட்டல் வாங்குகிறாள். எழுத எனக்குக் கை வரவில்லை.

முடிவு ஆ: சொல்லவில்லை, நடுவிலும் போட்டுவிடுகிறாள். திரையில் ஒன்றும் தெரியாமல் ரக்ஷனா விழிக்கிறாள். இதை இரண்டு முறை படித்து ரசித்தேன். பிறகுதான் உறைத்தது: மருத்துவர்கள் குறித்துக்கொள்வது ரக்ஷனாவின் பெயரை அல்ல, கருவி வேலை செய்யவில்லை என்பதை. மூன்று வருடம்.

முடிவு இ: நடுவைத் தொடாமல், வாயும் திறக்காமல் –

“நடுவுல வட்டம் போடலையாக்கா? அதானே அழகு.”

இதற்கு மேல் என்னால் முடியவில்லை. கோனின் நுனியில் மருதாணி திரண்டு நிற்கிறது. யார்மீதும் பொறாமைப்பட்டதே இல்லை என்பவர் யாராவது இருந்தால் வந்து முடித்து வையுங்கள். மற்றவர்கள் ஒன்றை மட்டும் கவனியுங்கள்: ரஷீதாவின் கை நடுங்கவில்லை.