சரிபார்த்தவர்

அந்த ஆய்வகத்தில் அவளுக்கு ‘முப்பது’ என்று பட்டப்பெயர். வயதை வைத்து வந்ததல்ல, வயது நாற்பத்தொன்று. ஒரே நொதி மணிகளை முப்பது தடவை வேலை வாங்கிக் காட்டுகிறேன் என்று கூட்டத்துக்குக் கூட்டம் சொல்லி, தானே வாங்கிக்கட்டிக்கொண்ட பெயர்.

விஷயம் இதுதான். அவர்கள் தயாரிப்பது ரத்த அழுத்த மாத்திரைக்கான மருந்து. பழைய முறையில் உலோகத் தூளைப் போட்டு ஹைட்ரஜனை அழுத்தி ஏற்றினால், வலது கால் செருப்பும் இடது கால் செருப்பும் போல இரண்டு வடிவங்கள் சரிபாதியாக வரும். உடம்புக்குப் பொருந்துவது ஒன்றுதான். மற்றது கழிவுத் தொட்டிக்கு. நொதிக்கு, அதாவது என்சைமுக்கு, அந்தக் குழப்பமே கிடையாது. வெதுவெதுப்பான தண்ணீரில் அது பாட்டுக்கு வேலை செய்து, வேண்டியதை மட்டும் கொடுக்கும். ஆனால் யானை விலை குதிரை விலை. கடுகளவு மணிகளில் அதை ஒட்டவைத்து, ஒவ்வொரு பேட்ச் முடிந்ததும் வடிகட்டிக் கழுவி, முப்பது தடவையாவது திரும்பப் போட்டால்தான் கட்டுப்படியாகும். இல்லாவிட்டால் பழைய முறையே கதி. அவளுடைய ஆறு வருட உழைப்பு அந்த முப்பதில் தொங்கிக்கொண்டிருந்தது.

மணிகளைப் போட்டு மருந்து செய்யும் கலனை ஓட்டியது தம்பி. கூடப்பிறந்த தம்பி. யார் யார் கையையோ காலையோ பிடித்து அவள்தான் அவனை வேலைக்குச் சேர்த்துவிட்டிருந்தாள். மருந்துத் தொழிலில் எதைச் செய்தாலும் தாளில் இரண்டு கையெழுத்து வேண்டும்: செய்தவர், சரிபார்த்தவர். சரிபார்ப்பவர் பக்கத்தில் நின்று கண்ணால் பார்க்க வேண்டும் என்பது விதி. முதல் பதினொரு பேட்ச் அவளும் நின்று பார்த்தாள். அப்புறம் அறிக்கை, கூட்டம் என்று ஆளை இழுத்துப் போட்டுவிட்டார்கள். தம்பி தாளை அவள் மேசைக்கே கொண்டுவர ஆரம்பித்தான்.

“அக்கா, உன் மணிங்க இன்னிக்கும் தொண்ணூத்தெட்டு சதவீதம். உன்னை மாதிரியேதான், லீவே கேக்க மாட்டேங்குது.”

அவள் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போடுவாள். சொந்தத் தம்பியை யார்தான் பக்கத்தில் நின்று வேவு பார்ப்பார்கள்?

முப்பதாவது பேட்சும் முடிந்தது. மேலாளர் கைதட்டினார். திங்கட்கிழமை பெரிய ஆலைக்கு அனுப்பிவிடலாம், அங்கே புதுப் பிரிவுக்குத் தம்பிதான் சூப்பர்வைசர் என்றார். மறுநாள் காலையில் அவளுக்கு ஓர் ஆசை வந்தது. அத்தனை தடவை உழைத்த மணிகளில் ஒரு கரண்டி எடுத்து, சின்னக் குப்பியில் போட்டு, மேசைமேல் வைத்துக்கொள்ள வேண்டும். எஃகுத் தட்டில் கொட்டினாள்.

புது மணி வெள்ளையாக இருக்கும். ஓட ஓடப் பழுப்பேறி, கடைசியில் டீ நிறத்துக்கு வந்துவிடும். தட்டில் டீ நிறம் இருந்தது. பழுப்பும் இளமஞ்சளும் இருந்தன. நடுநடுவே பச்சைப்பிள்ளையின் பல் மாதிரி வெள்ளைவெளேரென்றும் சில. எல்லாரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். இத்தனை வயது எங்கிருந்து வந்தது?

உபரிப் புது மணி இருக்கும் ஜாடி குளிர் அறையில். சாவி இரண்டு பேரிடம்தான் உண்டு. ஒன்று அவளிடம்.

தம்பியைக் கூப்பிட்டாள். அவன் தட்டைப் பார்த்தான்.

“லைட் வெளிச்சத்துல அப்படித்தான்க்கா தெரியும்.”

“ஜன்னல்கிட்ட கொண்டுபோய்ப் பாரு. அப்புறம் என் முகத்தைப் பாத்துச் சொல்லு.”

அவன் ஜன்னலுக்கும் போகவில்லை, முகத்தையும் பார்க்கவில்லை.

“பன்னெண்டாவது பேட்ச்லயே படுத்துடுச்சுக்கா. போட்டதுல பாதிகூட மருந்தா மாறல. நீ மீட்டிங்ல இருந்த. கொஞ்சம் புதுசு போட்டேன். எடை ஏறக் கூடாதுன்னு அதே அளவு பழசை அள்ளிட்டேன். அப்புறம் நிறுத்த முடியல.”

“பத்தொன்பது தடவை.”

“உனக்காகத்தான்.”

“எனக்காகவா, சூப்பர்வைசர் நாற்காலிக்காகவா?”

அன்றைக்கே இவன் சொல்லியிருந்தால் என்ன? ஒட்டவைத்த பிசின் சரியில்லை என்று வேறொன்றைப் பார்த்திருப்பாள். பன்னிரண்டில் தோற்றது அவளுக்கு அவமானமே இல்லை, அது வேலை. வாய் கூசாமல் இவன் தினமும் மேசைக்கு வந்து தொண்ணூற்றெட்டு என்றதும், அதைக் கேட்டு இவள் வீட்டுக்குப் போய்ப் பூரித்ததும்தான் அவமானம்.

“இப்ப என்ன செய்யப் போற?” தம்பியின் குரல் மாறியிருந்தது. “வெளிய சொன்னா நான் மட்டுமா மாட்டுவேன்? பத்தொன்பது தாள்லயும் சரிபார்த்தவர்னு உன் கையெழுத்துதான இருக்கு? நல்லா யோசிச்சுக்க.”

அதுவரை அவளுக்கு வெறும் கோபம்தான். அவன் என்பதால்தானே பார்க்காமல் கையெழுத்துப் போட்டாள்! அந்த நம்பிக்கையையே எடுத்து அவள் கழுத்தில் கத்தியாக வைக்கிறான். இதையும் முன்பே யோசித்து வைத்திருப்பான் போலிருக்கிறது.

அவள் பதிவேட்டை எடுத்து மேசைமேல் வைத்தாள். தவறாக எழுதியதை அங்கே யாரும் அழிக்கக் கூடாது. அடியில் இருப்பது தெரியும்படி ஒரே ஒரு கோடு போட்டு, பக்கத்தில் சுருக்கொப்பம், தேதி, காரணம் எழுத வேண்டும். பன்னிரண்டாவது பேட்சைத் திறந்தாள். தன் கையெழுத்தின்மேல் கோடு இழுத்தாள்.

“அக்கா, வேணாம்க்கா. உன் வேலையும் போயிடும்.”

தேதி போட்டாள். காரணம் எழுதினாள்: ‘நேரில் பார்க்கவில்லை. செய்தவர் என் தம்பி.’

அவன் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அடுத்த தாளைத் திருப்பி, அதே இரண்டு வரியை மறுபடி எழுதினாள். இன்னும் பதினேழு தாள் இருந்தது.