சுவரில் நான்கு போல்ட் துளைகள்

டகோட்டா எல்லையோரம் டன்மோரில் என் தீவனக் கடைச் சுவரில் நான்கு போல்ட் துளைகள் இருக்கின்றன. மூன்று தேர்தல்களாக கவுன்டியின் வாக்குப் பெட்டி அங்கேதான் நின்றது. ஊர்க்காரர்கள் வீட்டில் உட்கார்ந்து வாக்குச்சீட்டை நிரப்பி, உறையை ஒட்டிக் கையெழுத்துப் போட்டு, தீவனம் வாங்க வரும்போது அதில் போட்டுவிட்டுப் போவார்கள். ஆகஸ்டில் கவுன்டி ஆட்கள் இரண்டு பேர் வந்து அதைக் கழற்றினார்கள்.

"போன தடவை முந்நூத்திப் பன்னெண்டு பேர்தான் போட்டிருக்காங்க," என்றான் ஒருவன். "கட்டுப்படியாகல."

ஊரின் மொத்த வாக்காளர்கள் முந்நூற்று நாற்பது. எனக்கு அப்படி வியாபாரம் நடந்தால் நான் இரண்டாவது கடை திறப்பேன். இவர்கள் இருந்ததையும் எடுத்துக்கொண்டு, இனி அறுபத்தெட்டு மைல் தள்ளி கோல்டரில் இருக்கும் கவுன்டி ஆபீஸுக்கு வரச் சொல்லிவிட்டார்கள்.

பெட்டி இருந்த இடத்துக்குப் பக்கத்தில் என் கடைக் கதவில் ஒரு திறப்பு உண்டு. கடை பூட்டியிருந்தால் ஆர்டர் சீட்டை அதில் தள்ளிவிட்டுப் போவார்கள். தேர்தலன்று மதியம் மூட்டைகளை இறக்கிவிட்டு வந்து சீட்டுகளைப் பிரித்தேன். 'கோழித் தீவனம், இரண்டு மூட்டை' என்ற சீட்டோடு ரப்பர் பேண்ட் போட்டு ஒரு வாக்கு உறை இருந்தது. கையெழுத்து, ஆர்டித் லின்ட்க்விஸ்ட்.

ஆர்டித்துக்கு எண்பத்திரண்டு வயது. பார்வை மங்கியதால் வண்டி ஓட்டுவதை விட்டாயிற்று. முந்தின நாள் தபால்காரப் பெண்ணின் வண்டியில் வந்து, பழகிய சுவரைத் தடவி, கைக்குக் கிடைத்த திறப்பில் தள்ளியிருக்கிறார்.

கவுன்டி ஆபீஸுக்குப் போன் போட்டேன். கோலீன் என்ற அதிகாரி எடுத்தாள்.

"நானே கொண்டு வந்து போடலாமா?"

"குடும்பத்து ஆளுங்க, இல்ல ஒரே வீட்டுல இருக்கறவங்கதான் சார்."

"நாப்பது வருஷமா அவங்க கோழிக்குச் சோறு போடறேன்."

"அது சட்டத்துல இல்ல சார்."

"பெட்டியை எடுத்தது அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

"வெப்சைட்ல போட்டிருக்கோமே."

ஆர்டித் வீட்டில் இருப்பது சுவரில் மாட்டிய பழைய போன் மட்டும்தான். நான் மாட்டுத் தரகர் வீட்டில் வளர்ந்தவன். எதிராளி முடியாது என்றால் விலை ஏறுகிறது என்று அர்த்தம். இவளிடம் விலையே இல்லை.

உறையை எடுத்துக்கொண்டு ஆர்டித்தின் பண்ணைக்குப் போய், விஷயத்தைச் சொல்லி அவர் கையில் கொடுத்தேன். ஆர்டித் கோட்டை மாட்டிக்கொண்டார்.

"எங்க கிளம்பறீங்க?" என்றேன்.

"எட்டு மணிக்கு ஓட்டு முடிஞ்சிடுமே, அதுக்குள்ள கோல்டர் போகணும்ல? வண்டியை எடுடா விர்ஜில்."

அந்த வாக்குச்சீட்டில் டன்மோருக்கு ஆம்புலன்ஸ் வேண்டுமா என்று ஒரு கேள்வி இருந்தது. போன குளிர்காலத்தில் அவர் கணவர் ஹேரல்ட் மாட்டுக் கொட்டகையில் இடுப்பு உடைந்து கிடந்தபோது, கோல்டரிலிருந்து வண்டி வர ஒன்றேமுக்கால் மணி நேரம் ஆனது. ஹேரல்ட் பிழைக்கவில்லை. வழி நெடுக ஆர்டித் உறையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

ஆறரைக்குப் போய்ச் சேர்ந்தோம். ஆபீஸ் கூடத்தில் இரண்டு பெட்டிகள் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. ஆர்டித் சக்கர நடைவண்டியைத் தள்ளிக்கொண்டு நேரே போனார், இடது பெட்டியின் மூடியைத் தடவினார், எப்போதோ என் லாரி இடித்து எங்கள் ஊர்ப் பெட்டியில் விழுந்த நெளிவில் விரல் நின்றது. உறை உள்ளே விழுந்தது.

கோலீன் ஓடி வந்தாள். "அது உபயோகத்துல இல்ல மேடம். வைக்க இடமில்லாம இங்க நிறுத்தியிருக்கோம். பேப்பர் எழுதி ஒட்டியிருந்தேனே."

பேப்பர் தரையில் குப்புறக் கிடந்தது.

"கண்ணு தெரியாதவளுக்குப் பேப்பரா?" என்றார் ஆர்டித். "ஒரே வாசல்ல ரெண்டு பெட்டி. எங்க ஊருல ஒண்ணு வைக்கக் கட்டுப்படியாகல. திற."

"சாவி எங்க ஆபீஸ் லெஸ்டர்கிட்ட இருக்கு. அவரு வீட்டுக்குப் போயிட்டாரு."

"கூப்பிடு."

"நாளைக்குக் காலையில..."

"நாளைக்கு அது வெறும் காகிதம்."

நடைவண்டியின் இருக்கையைத் திருப்பிப் போட்டு, பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்தார். கோலீன் என்னைப் பார்த்தாள். நான் தரையில் கிடந்த பேப்பரைப் பொறுக்கி அவள் கையில் கொடுத்தேன். போனை எடுத்தாள்.

ஏழு நாற்பதுக்கு லெஸ்டர் எதையோ மென்றுகொண்டே வந்தான். பெட்டியைத் திறந்தான். ஒரு உறைக்குப் பதில் பதினொன்று இருந்தன. எல்லாம் டன்மோர் முகவரி. மற்ற பத்துப் பேரும் சொந்த வண்டியில் அத்தனை தூரம் வந்து, ஊர்ப் பெட்டியை அடையாளம் கண்டு, நிம்மதியாகப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள்.

கோலீன் முகம் வெளுத்தது. நாங்கள் வராமல் இருந்திருந்தால் அது யாருக்கும் தெரிந்திருக்காது.

ஒவ்வொன்றாக முத்திரை குத்தினாள். ஒவ்வொரு பேரையும் சத்தமாகப் படிக்கச் சொல்லி, ஆர்டித் விரல் மடக்கி எண்ணினார். கடைசி முத்திரை ஏழு ஐம்பத்து மூன்றுக்கு விழுந்தது.

"பதினொண்ணு," என்றார் எழுந்து. "கட்டுப்படியாகுதான்னு கேட்டுச் சொல்லும்மா."

வாசலில் ஆர்டித் நின்றார்.

"விர்ஜில், அந்தச் சுவர்த் துளைகளை அடைச்சிடாத."